யார் வீட்டுப் பாடம்?

"வீட்டுப்பாடம்" என்று ஒரு சொல் வழங்கி வருகிறது. பள்ளிக்கூடத்து மணி அடித்ததும் முடிந்துவிடாமல், குழந்தையின் பையிலே ஏறிக்கொண்டு வீடுவரை வந்து, விளக்கேற்றும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து, "எங்கே என் விடை?" என்று கேட்கிற பாடம் அது. கேட்கட்டும். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கத்தாருக்குக் கேள்வியைக் கண்டு கலக்கம் ஏது? ஆனால், தோழர்களே, கேட்டவரிடம் நாமும் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டாக வேண்டும். வீட்டுப்பாடம் என்கிறீர்களே, அது யார் வீட்டுப் பாடம்?

தொண்டாமுத்தூரில் இரண்டு வீடுகளை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஒரு வீட்டில் தகப்பனார் வங்கி அதிகாரி. தாயார் கல்லூரியில் பாடம் சொல்லுகிறவர். பிள்ளை, "அப்பா, இந்த ஆங்கில வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்ற வேண்டுமாம்" என்கிறான். தகப்பனார் செய்தித்தாளை மடித்து வைக்கிறார்; கால்மணி நேரத்தில் கணக்குத் தீர்ந்தது. அடுத்த தெருவிலே இன்னொரு வீடு. தகப்பன் பாக்குத் தோப்பிலே மரம் ஏறி இறங்கி, தொடை நடுங்கத் திரும்பியிருக்கிறான். தாய் பாக்குக் களத்திலே காய் உரித்து, விரலெல்லாம் கறையோடு அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறாள். மகள் அதே புத்தகத்தை, அதே பக்கத்தை, அதே கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறாள். "ஏனுங்மா, இதுக்கு என்னங்மா அர்த்தம்?" என்கிறாள். "எனக்கென்ன கண்ணு தெரியும்? வாத்தியாரையே கேட்டுக்கோ சாமி" என்கிறாள் தாய்.

அந்த விடையிலே குற்றம் என்ன இருக்கிறது? உள்ளதைச் சொன்னாள். எனினும் அந்த ஒரு வரியைச் சொல்லும்போது அவள் முகம் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்கிறதே, அதைக் கவனித்ததுண்டா? உழைத்துக் கறுத்த கைகளுக்கு இல்லாத நாணம், பிள்ளையின் ஒற்றைக் கேள்விக்கு முன்னால் வந்துவிடுகிறது. மறுநாள் வகுப்பிலே முதல் வீட்டுப் பிள்ளைக்குச் 'சபாஷ்'. இரண்டாம் வீட்டுப் பிள்ளைக்கு, "ஏன் எழுதவில்லை?" ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே ஆசிரியர். ஆனால் தேர்வு எழுதியது பிள்ளைகள் அல்ல, வீடுகள்! வீட்டைத் தேர்வுக்கு உட்காரவைத்து மதிப்பெண்ணைப் பிள்ளையின் பெயரில் போடுகிற இந்த விந்தையைத்தான் இன்று பேச எடுத்துக்கொள்கிறோம்.

வீடு ஆசிரியராக்கப்பட்ட கதை

வீட்டை ஆசிரியர் ஆக்குகிற எண்ணம் இந்த நாட்டிற்குப் புதியதன்று. 1953-இல் இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்கென்று ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும். மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பார்த்துப் பழகட்டும் என்றது அது. தச்சர் வீடு தச்சுக்குப் பள்ளி. குயவர் வீடு மண்பாண்டத்துக்குப் பள்ளி. சலவைத் தொழிலாளி வீடு வெள்ளாவிக்குப் பள்ளி. 'குலக்கல்வித் திட்டம்' என்று அதற்குப் பெயர் சூட்டி, பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் நாடெங்கும் எதிர்த்து நின்றார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானார். அவருடைய அமைச்சரவையில் கல்வித் துறையைப் பார்த்த சி. சுப்பிரமணியம், நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

"அதையும் இதையும் ஏனய்யா முடிச்சுப் போடுகிறீர்? அது தொழில், இது படிப்பு" என்பர் சிலர். மெய்தான், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் அடியிலே கிடக்கிற கருத்து ஒன்று இருக்கிறது. வீட்டிலே என்ன இருக்கிறதோ, அதுதான் பிள்ளைக்குக் கிடைக்கும் என்பதே அந்தக் கருத்து. அன்று, "உன் வீட்டில் உளி இருக்கிறது, உளியைக் கற்றுக்கொள்" என்றார்கள். இன்று, "உன் வீட்டில் ஆங்கிலம் இருந்தால் எழுதிக்கொண்டு வா" என்கிறோம். இல்லாதவன் எங்கே போவான்? வீட்டில் இல்லாததைத் தேடித்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்? அங்கிருந்தும் கேள்வி வீட்டுக்கே திரும்பி வந்தால், பிள்ளை நிற்பது எந்த வாசலில்?

விடை விற்கும் கடைகள்

வீட்டில் விடை கிடைக்காத பிள்ளைக்குப் பழைய நாளிலிருந்தே இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, விடைகளை அச்சடித்து வைத்திருக்கும் உரைநூல். கோனார் உரையைத் தொடாமல் பள்ளியைக் கடந்தவர் தமிழகத்தில் எத்தனை பேர்? உரைநூலைப் பழிப்பதற்கில்லை, விளக்கம் தேடுவோர்க்கு அது விளக்கு. ஆனால் பாடத்தைத் திறக்காமலே விடையை மட்டும் பார்த்து எழுதுகிற பிள்ளைக்கு அது ஊன்றுகோல்; நாளடைவில் கால் மறந்துபோகும்.

இரண்டாவது வழி, காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் டியூஷன். நடுவண் அரசின் புள்ளியியல் துறை 2025-இல் நடத்திய கல்வி ஆய்வின்படி, இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 27 பேர் தனிப்பயிற்சி வகுப்புக்குப் போகிறார்கள். நகரத்தில் ஏறத்தாழ 31 பேர்; சிற்றூரில் ஏறத்தாழ 26 பேர். பள்ளிக் கட்டணம் இல்லை என்று மகிழ்ந்த தகப்பன், மாலையிலே வேறொரு வாசலில் கட்டணம் கட்டுகிறான். கட்ட முடியாதவன் வீட்டுப் பிள்ளையோ அடுத்த வீட்டு நோட்டைக் கடன் வாங்கிப் பார்த்து எழுதுகிறது. அல்லது, எழுதாமலே போய் நிற்கிறது. நின்று நின்று பழகிய பிள்ளை ஒரு நாள் போகாமலே நின்றுவிடுகிறது. அதற்கு எங்கே வேலை காத்திருக்கிறது என்பதைக் கோவை, திருப்பூர் வட்டாரத்துத் தொழிலாளத் தோழர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா? பனியன் கம்பெனியில் கை மடிக்கிறவனாகவும், பட்டறையில் எடுபிடியாகவும் அந்தப் பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். "ஏண்டா கண்ணு, படிக்கலயா?" என்று கேட்டால், "இங்கிலீசு வரலைங்கண்ணா" என்பான். வரவில்லையாம்! வரவழைத்துக் கொடுக்க ஓர் ஆள் இல்லை என்பதைத்தான் அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லத் தெரிந்திருக்கிறது.

பிற நாட்டார் என் செய்தனர்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததன்று. பிரெஞ்சு நாட்டிலே 1956-ஆம் ஆண்டு இறுதியில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாதென்று கல்வித் துறை ஆணை பிறப்பித்தது. ஆணை ஏட்டிலே இருந்தது. வழக்கம் வகுப்பிலே நீடித்தது. 2012-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஒல்லாந்து மறுபடியும் அதையே எடுத்துப் பேசினார். வீட்டிலே உதவி கிடைக்கும் பிள்ளை, கிடைக்காத பிள்ளை என்ற வேற்றுமை வளருகிறது. ஆகவே அந்த வேலை பள்ளியிலேயே நடக்கட்டும் என்பது அவர் வாதம். 2017-இல் நடுநிலைப் பள்ளிகளில் வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே, துணைக்கு ஆளோடு, கட்டணமின்றி முடித்துவிட்டுப் போகும் ஏற்பாடு தொடங்கிற்று.

சீனத்திலே 2021-இல் வந்த ஆணை இன்னும் கடுமையானது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கிடையாது. மூன்று முதல் ஆறு வகுப்புவரை நாளுக்கு 60 நிமிடம். அதற்கு மேல் நடுநிலை வகுப்புகளுக்கு 90 நிமிடம் என்று வரம்பு கட்டினார்கள். பாடங்களைக் கொண்டு இலாபம் பார்க்கும் பயிற்சிக் கடைகளுக்குத் தடை போட்டார்கள். நம் சென்னை உயர்நீதிமன்றமும் 2018-இல், முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று தீர்ப்பளித்தது. சிறு பிள்ளையின் முதுகைக் காத்த அந்தத் தீர்ப்பைப் போற்றுவோம். ஆனால் மூன்றாம் வகுப்பு வந்ததும் கேள்வி மறுபடி வாசற்படி ஏறிவிடுகிறதே! ஆகையால் "வீட்டுப்பாடம் ஒழிக" என்று முழங்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. பாடத்தைத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது பிள்ளைக்கு நல்லதே. வேண்டுவதெல்லாம், தொடும்போது பக்கத்திலே ஓர் ஆள்.

உதவி என்பது எது?

"விடையைச் சொல்லிவிட்டால் உதவி முடிந்தது" என்று நினைப்போர் உண்டு. அது பசித்தவனுக்கு நம் இலையிலிருந்து ஒரு கவளம் கொடுப்பது போல. மறுவேளைக்கு என் செய்வான்? கேள்வியைப் பிரித்துப் பார்க்கும் வழியைக் காட்டுவதே உதவி. அதற்குப் பெரும் பட்டம் தேவையில்லை. பள்ளியிறுதி வரை படித்த, பொறுமையுள்ள எவரும் செய்யலாம். எப்படி என்பதை ஆங்கிலம், இலக்கியம், பொது அறிவு மூன்றிலும் எடுத்துக்காட்டுகிறேன்.

முதலில் ஆங்கிலம். 1968 சனவரியில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றம் ஏற்றது. உலகத்துச் சாளரமாக ஆங்கிலம் இருக்கட்டும் என்று நாமே சொன்னோம். சாளரம் வைத்தவர்கள், அதை எட்டிப் பார்க்கப் பிள்ளைக்கு ஒரு முக்காலியும் போட வேண்டாமா?

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படிச் சொல்லித்தருவது?" என்கிறார் ஆலைத் தொழிலாளி. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதென்று யார் சொன்னது? மோட்டார், பேரிங், வால்வு, லேத், ஷிப்ட், ஓவர்டைம் இவையெல்லாம் எந்த மொழி? ஆலையிலே கார்டிங், ஸ்பின்னிங், வைண்டிங் என்று பகுதிக்குப் பகுதி பெயர் சொல்லுகிறீர்களே, அதிலே ஓர் இலக்கணமே ஒளிந்திருக்கிறது. 'ஸ்பின்' என்றால் நூல். நூற்கச் சொல்லும் ஏவல். 'இங்' சேர்ந்ததும் 'ஸ்பின்னிங்', அதாவது நூற்றல். 'வைண்ட்' என்றால் சுற்று. 'வைண்டிங்' என்றால் சுற்றுதல். தமிழ் இலக்கணத்திலே இதற்குத் தொழிற்பெயர் என்று பேர். நமக்குத் 'தல்', அவர்களுக்கு 'இங்'. நூற்பாலைத் தகப்பன் தன் பிள்ளைக்கு இதைச் சொல்ல எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும்?

பிள்ளை தடுக்கி விழுகிற இடங்கள் சிலவே. நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம். அவர்கள் நடுவில் வைக்கிறார்கள். "நான் புத்தகம் படிக்கிறேன்" என்பதை அவர்கள், "நான் படிக்கிறேன் புத்தகம்" என்ற வரிசையில் சொல்லுகிறார்கள். நாம் "மேசையின்மேல்" என்று பின்னால் ஒட்டுகிற 'மேல்', அவர்களுக்கு மேசைக்கு முன்னாலே வந்து நிற்கிறது. எழுத்து ஒன்றாக இருக்க, ஒலி வேறாகிற இடமும் உண்டு. 'புட்', 'பட்' என்று இரண்டு சிறு சொற்கள். முதலெழுத்தைத் தவிர மற்ற இரண்டெழுத்தும் ஒன்றே. ஆயினும் நடுவிலிருக்கும் அதே 'யூ' ஒன்றில் உகரமாய் ஒலிக்கிறது, மற்றதில் அகரமாய் ஒலிக்கிறது. "இது உன் மந்தபுத்தி அல்ல கண்ணு, அந்த மொழியின் பழக்கம்" என்று ஒருவர் சொன்னால் போதும், பிள்ளையின் பாதி அச்சம் பறந்துவிடும்.

செயப்பாட்டுவினையில் தொடங்கினோமே, அதற்கே வருவோம். "தச்சர் கதவைச் செய்தார்" என்பது செய்வினை. "கதவு தச்சரால் செய்யப்பட்டது" என்பது செயப்பாட்டுவினை. தமிழ் வகுப்பிலே பிள்ளை இதை முன்பே படித்தாயிற்று. ஆங்கில வகுப்பில் அதே சங்கதி 'பாஸிவ் வாய்ஸ்' என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததும் அடையாளம் தெரியாமல் மிரளுகிறது. சட்டையைக் கழற்றிக் காட்டுகிறவர்தான் வேண்டும். தமிழில் காலூன்றிய பிள்ளைக்கு ஆங்கிலம் எட்டாக் கனியன்று; தமிழே அதற்கு ஏணி.

அடுத்து, இலக்கியம். "பாட்டின் பொருளை எழுதுக" என்பது கேள்வி. பிள்ளை முதல் சொல்லிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. வழி இதுதான். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சேர்ந்து கிடக்கும் சொற்களைப் பிரிக்கச் சொல்லுங்கள். வாக்கியத்தை முடிக்கிற வினை எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பழம்பாட்டில் அது முன்னேயும் பின்னேயும் ஒளிந்திருக்கும். பிறகு "யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார்?" என்று கேளுங்கள். சங்கப் பாட்டானால் தலைவியா, தோழியா, தாயா என்று பார்க்க வேண்டும். இந்த நாலு படி ஏறினால் பொருள் தானே கண்முன் நிற்கும்.

ஐந்திணையைப் பாராமல் ஒப்புவிக்கிறார்கள் பிள்ளைகள். தொண்டாமுத்தூர்ப் பிள்ளைக்கு அது பாரா மனப்பாடமாக இருக்க வேண்டிய தேவை என்ன? மேற்கே நிமிர்ந்து பார்த்தால் வெள்ளியங்கிரி மலை, அது குறிஞ்சி. மலையின் அடிவாரத்துக் காடு முல்லை. நொய்யல் பாய்ந்த வயல் மருதம். மழை பொய்த்த ஆண்டில், மலையும் காடும் காய்ந்து கிடக்குமே, அதைத்தான் பாலை என்றனர் நம் முன்னோர். நெய்தல் ஒன்றைத்தான் அந்தப் பிள்ளை கண்டதில்லை. கடலுக்குப் போகிற அன்று அதையும் கண்டுகொள்ளும். ஏட்டிலே இருக்கும் திணையைத் தன் ஊரிலே காணக் கற்ற பிள்ளை அதை மறக்குமா?

மூன்றாவது, பொது அறிவு. ஒரு சொல்லில் கேள்வி, ஒரு சொல்லில் விடை என்று அதைச் சுருக்கிவிட்டார்கள். "நொய்யல் எங்கே தோன்றுகிறது?" "வெள்ளியங்கிரி மலையில்." சரி என்று ஒரு கோடு, தீர்ந்தது. பொது அறிவு அங்கேதான் தொடங்க வேண்டும். அந்த ஆறு பேரூரைத் தொட்டு, கோவையைக் கடந்து, திருப்பூருக்குப் போய், கரூர் மாவட்டத்திலே தன் பெயரையே கொண்ட ஊரருகில் காவிரியில் கலக்கிறது. 1992-இல் அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள், உழவுக்கு நீர் தர. அணையிலே வந்து தேங்கியதோ சாயக்கழிவு. 2011 சனவரியில், கழிவைச் சுத்தம் செய்து முடிக்காத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறை மூடினால் தொழிலாளிக்கு வேலை போயிற்று. திறந்தால் உழவனுக்கு நிலம் போயிற்று. என்ன செய்யலாம்? இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒரு சொல் கேள்வியிலிருந்து ஒரு நாட்டின் பொருளாதாரமே புறப்பட்டு வரும். அந்த ஆற்றங்கரையில் குடியிருக்கும் பிள்ளைக்கு அது தேர்வு வினா மட்டுமா? வாழ்வு வினா அல்லவா?

கையிலே கருவி, கண்ணிலே தூக்கம்

"இவ்வளவு பாடு எதற்கு? கைப்பேசியைக் கேட்டால் கணத்தில் சொல்லிவிடுகிறதே!" என்று இக்காலத்து இளைஞர் கேட்கலாம். 2022 நவம்பரில் சாட் ஜிபிடி வெளிவந்த பிறகு, கட்டுரை எழுது என்றால் எழுதித் தருகிறது, கடிதம் எழுது என்றால் எழுதித் தருகிறது. விஞ்ஞானத்தை வெறுக்கிற கூட்டமல்ல நாம். ஆனால் ஒன்று சொல்லுகிறேன். உரைநூலைப் பார்த்து எழுதிய பிள்ளை, கை வலிக்க எழுதவாவது செய்தது. கருவி எழுதித் தந்ததைக் காட்டிவிட்டுப் போகிற பிள்ளைக்கு அந்தக் கைவலிகூட மிச்சமில்லை. அன்றியும், கருவி தவறு செய்யும். செய்த தவறையும் தயக்கமின்றிச் சொல்லும். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது வேலைக்காரன். தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவே எசமானன். ஆகவே கருவியைக் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. "இதை ஏன் இப்படிச் சொல்லுகிறது? புத்தகத்தில் இருக்கிறதா பார்" என்று கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் அப்போதும் வேண்டும்.

நாடே கண்ட சான்று

ஆள் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நாடு ஒருமுறை கண்கூடாகக் கண்டது. கொரோனாக் கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதம்! படித்ததை மறந்து, எழுத்தையே மறந்து திரும்பினார்கள் பிள்ளைகள். அந்த வேளையில், 2021 அக்டோபர் 27-ஆம் நாள், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிவைக்கப்பட்டது. மாலையிலே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை. கோயில் முன்றிலிலும், திண்ணையிலும், ஊர்ப் பொது இடத்திலும். சொல்லித்தந்தவர் யார்? தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர். மேல் வகுப்புகளுக்குப் பட்டம் பெற்றவர். அவர்களிலே பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தமிழகமெங்கும் இலட்சக்கணக்கில் தன்னார்வலர் திரண்டனர்.

பயன் என்ன? பொருளியல் அறிஞர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தேர்ந்து ஆராய்ந்தனர். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதிலே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். கவனியுங்கள் தோழர்களே! பேராசிரியர்களால் அல்ல, பெரும் பொருளால் அல்ல. அடுத்த தெருவிலே இருந்த ஒரு பெண், சாணம் தெளித்த வாசலில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்ததால் வந்த பயன் அது. "நம்மால் என்ன ஆகும்?" என்போர்க்கு இதைவிட நல்ல விடை வேறென்ன?

கொங்கு மண்ணின் கொடை

விடை தேடும் இடத்துக்கும் நமக்குப் பஞ்சமில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற்சட்டம் அதுவே. கொண்டுவந்தவர் கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவிநாசிலிங்கம், திருப்பூர்க்காரர். அவர் காங்கிரசுக்காரர், நாம் வேறு முகாம். அதனால் என்ன? நல்லது செய்தவரை நன்றியோடு சொல்வதே பண்பு. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து நாம் கட்டி வருகிறோம். காசு கட்டிய சரக்கை எடுத்துப் பயன்படுத்தாத வணிகன் உண்டா?

அவருடைய முயற்சியில் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகந்தான் தமிழின் முதற் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. முதன்மை ஆசிரியராக இருந்து உழைத்தவர் பெரியசாமித் தூரன். அவரும் ஈரோட்டுப் பக்கத்துக் கொங்கு மண்ணில் பிறந்தவர். அதோடு நில்லாமல், 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாகத் தந்தார். தமிழ் இணையக் கல்விக் கழகம் அவற்றை மின்னேடாக்கிக் கட்டணமின்றி வைத்திருக்கிறது. விண்மீன் எப்படி ஒளிர்கிறது, தேனீ எப்படிக் கூடு கட்டுகிறது என்று தமிழிலேயே பிள்ளை தேடிப் படிக்கலாம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய நூலாகையால் சில செய்திகள் பழையனவாயிருக்கும். புதியதோடு ஒத்துப் பார்ப்பதும் ஒரு படிப்பே.

படிப்பகத்தில் பாய் விரியுங்கள்!

கழகத் தோழர்களுக்கு ஒரு சொல். நம் இயக்கம் வளர்ந்தது எங்கே? மேடையில் மட்டுமா? தேநீர்க் கடையிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், ஓலைக் கொட்டகைப் படிப்பகத்திலும் வளர்ந்தது. எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, அறியாதவர் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டனர். கேட்டவர் எழுத்தைக் கற்றனர். கற்றவர் கேள்வி கேட்டனர். இன்றும் பல ஊர்களில் படிப்பகம் இருக்கிறது. தலைவர் படமும், கொடிக்கம்பமும், பிறந்தநாளுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பும் இருக்கின்றன. படிப்பு எங்கே? மாலை ஐந்து மணிக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறதா?

திறவுங்கள். வேண்டியவை மிகச் சில. ஒரு விளக்கு, ஒரு பாய், ஒரு கரும்பலகை, ஓர் அகராதி, பாடநூல்களில் ஒரு படி. ஆளுக்கு வாரம் இரண்டு மாலை என்று நாலு பேர் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் சுமையில்லை. ஷிப்ட் வேலைக்காரர் தம் ஓய்வுக்கு ஏற்ற நாளை எடுத்துக்கொள்ளட்டும். கல்லூரியில் படிக்கும் தங்கைமார் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரைத் தேடிப் போய், "ஐயா, வாரம் ஒரு நாள் எங்களுக்குத் தாருங்கள்" என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்.

அங்கே சில ஒழுங்குகள் வேண்டும். கேள்வியைப் பிள்ளையே இருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தெரிந்ததை முதலில் பிள்ளை சொல்ல வேண்டும். உதவுகிறவர், கேட்ட கணக்கையே போட்டுக் காட்டாமல், அதைப் போல வேறொன்றைப் போட்டுக் காட்ட வேண்டும். விடையைப் பிள்ளை தன் சொல்லில், தன் கையால் எழுத வேண்டும். தெரியாத கேள்வி வந்தால், "தெரியவில்லை கண்ணு, வா தேடலாம்" என்று தயங்காமல் சொல்ல வேண்டும். பெரியவர் தேடுவதைப் பார்க்கும் பிள்ளை, தேடுவது இழிவல்ல என்று கற்றுக்கொள்ளும். வந்த பிள்ளை எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை, என்ன சாதி என்று ஒருவரும் கேட்கக் கூடாது. வடக்கேயிருந்து தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர் பிள்ளைகளும் அந்தப் பாயில் உட்காரட்டும். தமிழ் அவர்களுக்கு நம் பரிசாகட்டும்.

ஊருக்கு ஏற்ற ஏற்பாடும் வேண்டும். தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் மலையோரச் சிற்றூர்களில் இருட்டிவிட்டால் யானை நடமாட்டம் உண்டு. "நாளை வா" என்று இருட்டில் பிள்ளையைத் தனியே அனுப்புகிற படிப்பகம் நமக்கு வேண்டாம். அங்கெல்லாம் பள்ளி விட்டதும் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடித்து, பெரியவர் ஒருவர் துணையோடு வீடு சேர்ப்பிக்க வேண்டும்.

1920-இல் தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு கொடுத்தது. காமராசர் அதை நாடெங்கும் கொண்டுசென்றார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. "வீட்டில் சோறு இல்லையென்றால் பிள்ளை பட்டினி கிடக்கட்டும்" என்று சொல்ல இந்த நாடு மறுத்தது; வீட்டுக் குறையை ஊர் தீர்த்தது. வயிற்றுக்குச் செய்ததை அறிவுக்கும் செய்ய வேண்டாமா? "வீட்டில் விடை இல்லையென்றால் பிள்ளை விழிக்கட்டும்" என்று மட்டும் எப்படிச் சொல்வோம்?

பாக்குக் களத்துத் தாய் இனி அடுப்பின் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. "எனக்குத் தெரியாது சாமி; ஆனா படிப்பகத்துல அண்ணன் இருக்காரு, போய்க் கேட்டுட்டு வா" என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும். அந்த அண்ணன் நீங்கள்தான் தோழரே. மாலை ஐந்து மணிக்கு அங்கே இருங்கள்!